லீவு புள்ளைக்கா, ஒனக்கா?

ஏ தாயி, பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீச்சை லீவு விட்டதும் ஒன் மொகம் ஏன் இப்பிடிச் சுண்டிப்போச்சு? புள்ள வயித்துல பத்து மாசம் கெடந்தப்போ ஒரு குறையும் சொல்லல. வீட்டுல ஒரு மாசம் இருக்கப்போகுதுன்னதும் தைலத்தைத் தேடுற.

புள்ளைக மேல பழியப் போடாத. ஒன் பிரிட்ஜு கதவுல ஒட்டிவச்சிருக்கியே ஒரு தாளு, அதப் பாத்தேன். காலையில நீச்சலு, பத்து மணிக்கு அபாகஸு, பன்னெண்டுக்கு கீபோர்டு, சாயங்காலம் கராத்தே. கலெக்டருக்குக் கூட இம்புட்டு சோலி இருக்காது. பள்ளிக்கூட நாள்ல ஒரு வாட்டி கொண்டுபோய் விட்ட, ஒரு வாட்டி கூட்டியாந்த. லீவுல நாள் முச்சூடும் ஸ்கூட்டியிலதான் குடியிருக்க. ஒன் மகனும் தூங்கல, நீயும் தூங்கல. அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போடு. கேஸ் அடுப்புன்னா குப்பையில போடு.

கெடியாரத்தப் பாக்காத, வெயிலப் பாரு. பெரும்பாலும் மே 4-ல கத்திரி பொறந்து 28 வரைக்கும் காயும். வெயில் ஏறுறதுக்குள்ள வெளாட்டு, குளியலு எல்லாம் முடிஞ்சுரணும். பதினொரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் நெழலு. மத்தியானம் சாப்பிட்டுப் பாயில விழணும். தூங்காட்டியும் போகுது, படுத்துக் கெடக்கணும். நீயும் படுக்கணும், அதுதான் முக்கியம். 'அதுக தூங்குது, இந்நேரம் பாத்திரத்த வெளக்கிருவோம்'னு நீ எந்திரிச்ச, ஒரு கரண்டிச் சத்தம் போதும், வீடே முழிச்சுக்கிரும். பாத்திரம் எங்கயும் ஓடிப்போகாது.

'அம்மா, திங்க என்ன இருக்கு?' இந்தக் கேள்விதான் ஒன் உசுர எடுக்குது. காலையில பழைய சோத்துல மோரை ஊத்தி, சின்ன வெங்காயத்த உரிச்சு வையி. இட்டிலிக்கும் லீவு விடு. பெறகு கைக்கு எட்டுற எடத்துல ஒரு டப்பா: அவிச்ச கடலை, வெள்ளரிப்பிஞ்சு, கடலமிட்டாய். பக்கத்துல மண்பானைத் தண்ணி. எடுத்துத் தின்னுக்கிரணும், ஒன்னைக் கூப்புடப்படாது. கோவில்பட்டி கடலமிட்டாய்க்கு கவர்மெண்டே 2020-ல புவிசார் குறியீடு குடுத்துருச்சு. ஒன் மகன்தான் இன்னும் கையெழுத்துப் போடாம பிஸ்கட்டுப் பாக்கெட்டக் கேக்குறான்.

இப்ப சூட்சுமத்தச் சொல்றேன், காதக் கிட்டக்க கொண்டா. வருசப் புளி வாங்கிப் போட்டிருப்பேல்ல? கொட்டை எடுக்கணுமேன்னு பெருமூச்சு விடாத. புள்ளைகளக் கூப்புட்டு, 'பல்லாங்குழி ஆடுவோமா? குழி 14, குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 70 வேணுமே, எங்க போவேன்?'னு கன்னத்துல கைய வச்சுக்க. அம்புட்டுத்தான். ஆளுக்கு ஒரு கூறு புளிய எடுத்துக்கிட்டு ஒக்காந்துரும். 70-ல நிப்பாட்டாது, ஒனக்கு எனக்குன்னு போட்டி போட்டு மொத்தப் புளியையும் முடிச்சுத் தந்துரும். பலகை இல்லாட்டி தரையில சாக்பீஸால வட்டம் போட்டுக்க. அபாகஸுக்குக் கட்டுற பீசும் மிச்சம்.

வடகமும் அப்பிடித்தான். கூழு காச்சுறது ஒன் வேலை. ஆறுனதும் மொட்டை மாடியில பழைய வேட்டிய விரிச்சு, கரண்டியக் குடுத்துட்டு ஒதுங்கிக்க. ஒண்ணு தோசையாட்டம் இருக்கும், ஒண்ணு எறும்புக்குக் கூடக் காணாது. கண்ண மூடிக்க, பொரிச்சா எல்லாம் ஒரே ருசிதான். காக்கா வெரட்ட ஆளுக்கு ஒரு குச்சியக் குடுத்துப் படிக்கட்டு நெழல்ல ஒக்கார வையி. உச்சி வெயிலுக்கு முன்னாடி புள்ளைகளக் கீழ எறக்கிரு; அந்நேரம் காக்காயே நெழலத் தேடிப் போயிரும். மறுநா வேட்டியத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணி தெளிச்சா வடகம் அலுங்காம உரிஞ்சு வரும். அரைக்காய்ச்சல்ல பாதி காணாமப் போயிருக்கும். காக்காதான் தின்னுச்சுன்னு சத்தியம் பண்ணுவாக. நம்பிக்க.

'போரடிக்குது'ன்னு வருவான். அடிக்கட்டுமே, ஒன்னையவா அடிக்குது? ஒடனே போனைத் தூக்கிக் குடுத்துராத. செத்த நேரம் மோட்டைப் பாத்துக் கெடந்தான்னா, தானா எந்திரிச்சுப் போயி, தின்னுபோட்ட நுங்குக் கூந்தல் ரெண்டக் குச்சியில கோத்து வண்டி உருட்டுவான்.

கம்மா, கெணறு, ஆறுன்னா மட்டும் நையாண்டி கெடையாது தாயி. நீச்சல் தெரிஞ்ச பெரியாளு கூட எறங்காம ஒரு புள்ளையும் தண்ணியில கால வைக்கப்படாது. கோடை வந்தா பேப்பர்ல வாற சேதி ஒனக்கே தெரியும்.

ராத்திரிச் சோலி ஒன் வீட்டுக்காரருக்கு. மாடியில தண்ணி தெளிச்சுப் பாய விரிக்கணும், கதை சொல்லணும். கதை தெரியாதுன்னு மழுப்புவாரு. லீவு கேக்க மேனேஜருகிட்ட எம்புட்டுக் கதை அளந்திருக்காரு, அதுல ஒண்ண எடுத்துவிடச் சொல்லு.

போயி வேட்டியத் தேடு. வடகம் காஞ்சதும் ஒரு டப்பா எனக்கு அனுப்பிரு. இம்புட்டு யோசனையும் ஓசியில சொல்றதுக்கு நான் என்ன கிறுக்கியா?