பாம்புத் தம்பி

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஊர்களில், கோழிப்பண்ணைக்காரர், லாரிக்காரர், போர் போடும் ரிக் வண்டிக்காரர் வரிசையில் இப்போது புதிதாக ஒருவர் தலைகாட்டுகிறார். வயது இருபத்தைந்துக்குள். அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி. மகன் படித்தது பொறியியல், பார்ப்பது பாம்பு. ஊர் அவரைப் பாம்புத் தம்பி என்கிறது.

பாம்பைக் கண்டால் கம்பெடுக்கும் ஊரில், காசு கொடுத்துப் பாம்பை வீட்டுக்குள் அழைத்து வந்தவர் அவர். நல்ல பாம்பையோ சாரையையோ வளர்த்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வாசலுக்கே வந்துவிடும். தம்பியிடம் இருப்பது ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்ட பால் பைத்தான். விஷம் இல்லாதது. பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும். பெயர், ரோலக்ஸ்.

2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒருவரின் டிராலிப் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அன்றிலிருந்து மாமா வீட்டுக்கு வந்தால் காபிக்கு முன் கேட்பது, "அதுல ஒண்ணாடா இது?" தம்பி உடனே செல்போனை நீட்டுவார். இப்படிப்பட்ட அயல்நாட்டுப் பிராணிகளைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிந்த சான்று அதில் இருக்கும். "அப்ப ரேஷன் கார்டுலயும் சேர்த்துரு" என்பார் மாமா.

சட்டச் சிக்கல் அதோடு சரி. மருத்துவச் சிக்கல்தான் மாளாதது.

ரோலக்ஸ் வந்த மூன்றாம் நாளே தம்பிக்குத் தூக்கம் போயிற்று. வைத்த எலியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. உயிரோடு விட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பதால், எலிகள் ஃப்ரீசரில் உறைந்து, வெந்நீரில் சூடாகி, இடுக்கியில் தொங்கியபடிதான் பரிமாறப்படும். (ஃப்ரீசருக்குக் கீழ்த்தட்டில் தோசை மாவு வைப்பதை அம்மா அன்றே நிறுத்திவிட்டார்.) புது இடத்துக்கு வந்த பால் பைத்தான் சில நாள் பட்டினி கிடப்பது சாதாரணம். வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில்கூட வாய் திறக்காது. எடை தொடர்ந்து இறங்காதவரை பயமில்லை. பதுங்க ஒரு பொந்து, ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் தனிமை, இவ்வளவுதான் வேண்டும். மூன்றாவதைத் தவிர மற்றதெல்லாம் தம்பி கொடுத்தார். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து, "என்னடா தங்கம், பசிக்கலையா?" என்று தூக்கி, சமையலறைத் தராசில் வைத்து, கிராம் கணக்கை நோட்டில் ஏற்றினார்.

பேரன் வாடுவது பொறுக்காத அப்பாயி, ஆடி வெள்ளிக்குப் புற்றுக்கு ஊற்றும் அதே டம்ளரில் பாலும், பண்ணை முட்டை ஒன்றுமாக வந்து நின்றார். "ஒரு வாய் குடிச்சுப்போடு சாமி." பால் பாம்பின் ஆகாரமே அல்ல. தொண்டை வறண்ட பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். குடித்த பால் செரிக்காமல் அவதிப்படும். ரோலக்ஸுக்குத் தாகமில்லை, தப்பித்தது. முட்டையையும் அது திரும்பிப் பார்க்கவில்லை. நாமக்கல் முட்டைக்கு முகம் திருப்பிய முதல் விருந்தாளி அதுதான்.

அடுத்தது கண். ஒரு காலையில் பார்த்தால் ரோலக்ஸின் இரண்டு கண்ணும் நீலம் பாய்ந்து மங்கிக் கிடந்தன. தம்பி போட்ட சத்தத்தில் வீடே கூடியது. அந்த மாதம்தான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட அப்பாயி குனிந்து பார்த்து, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று தம் சொட்டு மருந்தை நீட்டினார். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் செதில். சட்டை உரிக்குமுன் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் சுரக்கும்போது கண் இப்படி மங்கும். சில நாளில் தானே தெளியும், பிறகு சட்டை கழலும். நல்லவேளை, புட்டியின் மூடி திறக்கவில்லை. சொட்டு மருந்து அப்பாயியின் கண்ணுக்கே போயிற்று.

ஆனால் சட்டை முழுசாகக் கழலவில்லை, துண்டு துண்டாகப் பிய்ந்தது. அதற்குக் காரணம் ஏசி. ஏசிக்குக் காரணம் பல்பு. கூண்டின் ஒரு மூலை 32 டிகிரியும் மறுமூலை 26 டிகிரியும் இருக்க வேண்டும் என்று, பனிநாட்டுக்காரர் எழுதியதைப் படித்துச் சித்திரை மாதத்தில் ஹீட் பல்பு மாட்டியிருந்தார் தம்பி. வெளியே சேலத்து வெயில் 40-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஆயிரம் அடி போர் போட்டாலும் இந்தச் சூட்டைப் பார்த்ததில்லைடா, அணைச்சுத் தொலை" என்றார் அப்பா. பல்பு அணைந்தது, ஏசி ஏறியது. இரவு பகலாக ஓடியதில் அறையின் ஈரம் வற்றிப்போயிற்று. ஈரம் போதாவிட்டால் சட்டை ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் புதுத் தோலும் கண்ணும் புண்ணாகும். ஈரப் பாசி வைத்த டப்பாவில் விட்டால் மெல்லக் கழலும். இந்தக் களேபரத்தில் லாபம் அடைந்தவர் ஒருவர்தான். அப்பாயி பாயைச் சுருட்டிக்கொண்டு பாம்பு அறைக்கே குடிவந்துவிட்டார். "அது பாட்டுக்கு அது கிடக்குது. காத்து சும்மா ஜில்லுன்னு வருதே!"

ஏசிக் குளிரில் ஒரு ராத்திரி ரோலக்ஸின் மூக்கில் 'உஸ்' என்று ஏதோ கேட்டது. தம்பி தலையணை உறையில் பாம்பைப் போட்டு, உறையின் வாயைக் கட்டி, விடியுமுன் கிளம்பினார். 1985-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள நாமக்கல் பக்கத்தில் கோழிக்கு என்ன வந்தாலும் டீக்கடையிலேயே நாலு பேர் மருந்து சொல்வார்கள். பாம்பென்றால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மருத்துவமனையிலும் அதுவே நடந்தது. ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தவர், "பையில என்னங்க, சேவலுங்களா?" என்றார். "பாம்புங்க." தம்பிக்கு முதல் டோக்கன் கிடைத்தது.

பாம்புக்குச் சளி விளையாட்டல்ல. அதற்கு உதரவிதானம் இல்லாததால் இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. முற்றினால் வாயைத் திறந்தபடி மூச்சுவிடும், மூக்கில் குமிழி கட்டும். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், டார்ச் அடித்தார், செதிலிடுக்கில் உண்ணி தேடினார். எதுவும் இல்லை.

"சூடு எத்தனைங்க?"

தம்பி நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஈரம்?"

அதையும் சொன்னார்.

"கடைசியா எப்பக் கையில எடுத்தீங்க?"

"வர்ற வழியிலதாங்க சார், மல்லூர்ல."

"பாம்பு நல்லா இருக்குதுங்க. நீங்க ஒரு வாரம் வெளியூர் போயிட்டு வாங்க."

இதற்கிடையில் தம்பி வீட்டு வாசலில் சானிடைசர் வைத்திருந்தார். ரோலக்ஸைப் பார்க்க வருகிறவர்கள் கை கழுவாமல் உள்ளே போகக்கூடாது. பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்தான் ஒரு நாள், "வரும்போது கழுவறது இருக்கட்டும் தம்பி, போகும்போதும் கழுவச் சொல்லு" என்றார். சால்மோனெல்லா என்ற கிருமியோடு தொழில் நடத்துகிறவர் அவர். ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பின் குடலிலும் அது இருக்கலாம். பாம்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அப்பாயி வயதுக்காரருக்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். அன்று சமையலறைத் தராசு பாம்புக்கே தத்தம் செய்யப்பட்டது. தண்ணீர்க் கிண்ணம் சிங்க்கிலிருந்து கொல்லைக்குப் போயிற்று. அப்பாயியின் பாய் ஹாலுக்குத் திரும்பியது. அவர் இரண்டு நாள் பேரனோடு பேசவில்லை.

டாக்டர் சொன்னபடியே தம்பி அப்பாவின் ரிக் வண்டியோடு சத்தீஸ்கருக்கு அனுப்பப்பட்டார். திரும்பிய ராத்திரி இடுக்கியில் எலியை நீட்டியதும் ரோலக்ஸ் ஒரே பாய்ச்சலில் கவ்விச் சுற்றிக்கொண்டது. சாப்பிட்ட பாம்பை இரண்டு நாளாவது தூக்கக்கூடாது, கக்கிவிடும். அந்த இரண்டு நாளும் தம்பி கையைக் கட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவரே இந்த வட்டாரத்துக்குப் பாம்பு வைத்தியர். போன வாரம் ராசிபுரத்திலிருந்து புதிதாகப் பாம்பு வாங்கிய ஒருவர் போனில் அழாத குறை: "நாலு நாளா சாப்பிடலைங்கண்ணா!" தம்பி சிரித்தார். "ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி. தொடாதீங்க, திறக்காதீங்க, சும்மா விட்டுருங்க." சொல்லிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி, இரண்டு கையாலும் ரோலக்ஸைத் தூக்கித் தராசில் வைத்தார்.