வடக்கே சூலம், வண்டலூரில் பூட்டு

மருமவனே, நீ போட்டு வச்சிருக்கற டூர் பிளான் காயிதத்த உன் சின்னப்பய கொண்டாந்து காட்டினான். ஒரு எழுத்து விடாம படிச்சன். செவ்வாக்கெழம விடியகாலம் களமருதூர்ல பொறப்பாடு. உளுந்தூர்பேட்டையில டிபன். பத்து மணிக்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை. சாயங்காலம் அப்படியே முட்டுக்காட்டுப் பக்கம் தட்சிணசித்ரா. புதன்கெழம வொண்டர்லா. வியாழக்கெழம பீச்சு, துணிக்கடை. வெள்ளிக்கெழம எழும்பூர் மியூசியத்தப் பாத்துட்டு ஊரு வந்து சேர்றது. அடிக்கோடெல்லாம் செவப்பு மையில. பத்தாவதுல நீ இவ்வளவு கருத்தா எழுதியிருந்தா இன்னிக்கி கலெக்டராவே ஆயிருப்ப.

ஆனா ஒரு சந்தேகம். சென்னப் பக்கம் எது எது என்னைக்கி மூடியிருக்கும்னு யாருகிட்டயாச்சும் கேட்டுட்டு, அந்தந்த நாளாப் பாத்து எழுதினியா? வண்டலூருக்கு வார லீவு செவ்வா. தட்சிணசித்ராவுக்கும் செவ்வா. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. வேணும்னே தேடினாக்கூட ஒருத்தனால இப்படி மூணையும் பூட்டுக்கு நேரா கொண்டுபோயி நிறுத்த முடியாது. நீ படிச்சவன், அதான் முடிஞ்சிருக்குது.

ஏன் செவ்வான்னு உன் பொண்டாட்டி கேட்டதுக்கு நீ சொன்ன காரணமும் என் காதுக்கு வந்துது. சனி ஞாயிறுல கூட்டமாம், வாரத்து நடுவுல போனா கூட்டமே இருக்காதாம். நெசந்தான்டா. செவ்வாக்கெழம வண்டலூர் கேட்டுல ஈ காக்கா இருக்காது. உள்ள புலி நிம்மதியாப் படுத்திருக்கும், கூண்டக் கழுவுவான், வேலி பிரிஞ்சிருந்தா கட்டுவான். வாரம் ஆறு நாளும் நம்ம மூஞ்சியப் பாத்துட்டுக் கெடக்கற சீவனுக்கு ஒரு நாளு லீவு வேணாமா? உனக்கு வேணும்னுதான லீவு போட்டுட்டுக் கெளம்பற?

வண்டலூரு, எழும்பூர் மியூசியம் இந்த ரெண்டு எடத்துக்கும் ஒரு பூர்வீகம் இருக்குது, கேட்டுக்கோ. 1855ல பால்ஃபோர்னு ஒரு வெள்ளைக்காரத் தொர, எழும்பூர் மியூசியம் காம்பவுண்டுக்குள்ளதான் மொதமொத மிருகங்கள வச்சான். அப்புறம் அது சென்ட்ரலுக்குப் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சி. 1985ல எம்ஜிஆர் காலத்துலதான் வண்டலூருக்குக் குடி வந்துது. ஒரே வூட்டுல பொறந்த அண்ணன் தம்பி, மருமவனே. பாகம் பிரிக்கறப்ப லீவையும் பிரிச்சிகிட்டாங்க, அண்ணனுக்கு வெள்ளி, தம்பிக்குச் செவ்வா. நீ ரெண்டு வூட்டுக்கும் ஆளில்லாத நாளாப் பாத்து விருந்துக்குப் போற.

இப்ப என் கட்சிக்கு வர்றன். தினசரி காலண்டர்ல செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். களமருதூருக்குச் சென்னை வடக்கேதான? இதச் சொன்னா, ‘மாமா, இந்தக் காலத்துல இன்னமும் மூடநம்பிக்கையா’ன்னு எல்லாரு எதிர்லயும் சிரிப்ப. நான் சொன்னா மூடநம்பிக்கை, வண்டலூர்க்காரன் அதையே கேட்டச் சாத்திட்டுச் சொன்னா நிர்வாகக் காரணமா? சூலத்துக்காச்சும் பரிகாரம் உண்டு. செவ்வா, புதன்ல வடக்க போயே ஆவணும்னா ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுக் கெளம்புன்னு பெரியவங்க வழி விட்டு வச்சாங்க. பூட்டுக்கு எந்தப் பாலும் பரிகாரம் கெடையாது. பொங்கல் லீவு மாதிரி சனம் அலமோதற சமயத்துல செவ்வாயிலயும் வண்டலூரத் தொறந்து வக்கிறது உண்டு. அப்படின்னா முன்கூட்டியே பேப்பர்ல போடுவான். அந்த அதிர்ஷ்டத்த நம்பி, நூத்தியெழுவது கிலோமீட்டருக்கு யாரும் டீசல் போட மாட்டான்.

கெளம்பற அன்னிக்கிக் காலையில உளுந்தூர்பேட்டையில முடி வெட்டிக்கறதுன்னும் ஓரத்துல எழுதியிருக்கற. செவ்வாக்கெழம சலூன் மூடியிருக்கும்ங்கறது நம்மூரு நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும்டா.

உனக்கு மூடற நாளே தெரியாதுன்னும் சொல்ல மாட்டன். டாஸ்மாக் வருசத்துல எட்டு நாளு மூடறான். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாளு, மகாவீர் ஜெயந்தி, மே தினம், மிலாது நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒண்ணு விடாம சொல்லுவ. மொத நாளு ராத்திரியே முன்னேற்பாடு செஞ்சிக்கற புத்தியும் உனக்கு உண்டு. அந்த அக்கறையில கால்வாசிய வண்டலூர் மேல வச்சிருந்தா இந்தக் கெழவனுக்குப் பேச்சே இல்ல. உன் பொண்டாட்டியப் பாரு. ரேஷன் கடை எந்த வெள்ளி மூடும், எந்த ஞாயிறு மூடும், அரிசி என்னைக்கி வரும், பருப்பு என்னைக்கி தீரும், எல்லாம் அவ வெரல் நுனியில இருக்குது. காயிதத்த அவ கையில குடுத்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும். நீ வூட்டுக்குத் தலவராச்சே, எப்படிக் குடுப்ப?

இது நம்ம ஊரு கோளாறுன்னு நெனைக்காத. அமெரிக்காவுலயும் உன்ன மாதிரி ஒருத்தன் இருக்கான். 1983ல வந்த சினிமா, பேரு நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன். பேரன் போன்ல போட்டுக் காட்டினான், பாஷை புரியல, கத புரிஞ்சிது. பொண்டாட்டி புள்ளைங்கள கார்ல ஏத்திகிட்டு சிகாகோவுலருந்து கலிஃபோர்னியாவுக்கு வண்டி ஓட்டறான், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவப் பாக்க. வழி நெடுக அவன் படாத பாடில்ல. கடசியில போயி நின்னா, ரிப்பேர் வேலைக்காக ரெண்டு வாரம் மூடல்னு சொல்றான். அவன் பொம்மத் துப்பாக்கியக் காட்டி வாட்ச்மேன மெரட்டி உள்ள பூந்துடறான். நீ அப்படியெல்லாம் செய்ய மாட்ட. கேட்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவ. டிஸ்னிலேண்டுன்னு பெத்த பேரு சொல்றாங்களே, 1955ல தொறந்தது, அதுவே 1985 வரைக்கும் கூட்டமில்லாத காலத்துல திங்களும் செவ்வாயும் மூடித்தான் கெடந்துதாம். அங்கயும் செவ்வாதான், பாத்துக்கோ. சூலம் அமெரிக்கா வரைக்கும் போயிருக்குது.

கேட்டு தொறந்துட்டா எல்லாம் தொறந்துதுன்னும் நெனச்சிடாத. திருப்போரூர்கிட்ட இள்ளலூர்ல 2025 டிசம்பர்ல தொறந்தானே வொண்டர்லா, 60 ஏக்கருக்கு மேல எடம், 40க்கு மேல ராட்டினம். இப்படிப்பட்ட எடத்துல மழை வந்தா, இடி மின்னல் வந்தா, காத்து தூக்கினா, ஒசரமான ராட்டினத்த நிறுத்திடுவான். நிறுத்தலன்னாத்தான் பயப்படணும். ஒண்ணு ரெண்டு பராமரிப்புல கெடக்கும். அதுல ஏறத்தான் வந்தன்னு உன் பெரியவன் தரையில பொரளுவான். சின்னவனுக்கு வயசப் பாத்து டிக்கெட் இல்ல, ஒசரத்தப் பாத்துதான் டிக்கெட்டு. கதவு நிலையில நிக்க வச்சி அளந்துட்டு போ. தண்ணியில எறங்கணும்னா நைலான் துணிதான் போடணுமாம், வேட்டி லுங்கிய உள்ள விட மாட்டானாம். பரம்பர பரம்பரயா கெணத்துல வேட்டியோட குதிச்ச சாதிசனம் நாம. காலம் கெட்டுப் போச்சி, போ.

சரி, கெழமயப் பாத்துட்ட, தேதியப் பாத்துட்ட. அப்பறமும் பூட்டு விழும். 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு மூடினவன் நவம்பர் 10க்கு மேலதான் மிருகக்காட்சிசாலை, பொழுதுபோக்குப் பூங்காவெல்லாம் தொறக்க விட்டான். மறுவருசம் ஜூன்ல வண்டலூர் சிங்கங்களுக்கே அந்தச் சீக்கு வந்து, நீலான்னு ஒம்பது வயசுப் பெண் சிங்கம் செத்துப் போச்சி. அப்ப உள்ள போயி பாத்த சனம் ஒருத்தருமில்ல. கேட்ட மூடித்தான் வச்சிருந்தான், சீக்கு கேட்ட மதிக்கல. 2016ல வர்தா புயல் வந்தப்ப உள்ள ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சி, அந்த எடத்த ஒழுங்கு பண்ணவே வெகுநாளாச்சி. அதுக்கெல்லாம் உன்னயக் குத்தம் சொல்ல மாட்டன்.

ஆனா மழை லீவுன்னா மட்டும் உனக்கு எங்கருந்துடா அந்த உற்சாகம் வருது? 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் கரையேறிச்சி. பள்ளிக்கூடம் லீவுன்னு சொன்ன ஒடனே, ‘மாமா, திங்கக்கெழமயும் லீவுதான், புள்ளைங்கள எங்கயாச்சும் கூட்டிகிட்டுப் போலாமா’ன்னு கேட்டவன் நீ. அந்தச் சனிக்கெழம சென்னையில ஏர்போர்ட்டே மூடல், கடலோர ரோட்டுல பஸ்ஸு கெடையாது. டிசம்பர் 2ந் தேதி சாத்தனூர் டேம்லருந்து 1,68,000 கன அடி தண்ணி தொறந்துவிட்டு, தென்பெண்ண பொங்கி, அரசூர்ல திருச்சி ரோட்டு மேலயே ஆறு ஓடிச்சி. அங்கங்க வண்டி வரிசயா நின்னுது. புள்ளைங்களுக்கு எதனால லீவு வுட்டானோ அதனாலதான் மத்ததும் மூடியிருக்கும்ங்கற கணக்கு உனக்கு இன்னமும் புடிபடல.

மூடாத எடமும் இருக்குது. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் டோல்கேட்டு மூணும். அதுங்களுக்கு வார லீவு கெடையாது, தேசிய விடுமுறை கெடையாது, கிரகணமும் கெடையாது. மிருகத்தப் பாக்காம திரும்பி வந்தாலும் வரவேற்பு கொறையாது.

‘அப்ப பேசாம நம்ம கல்வராயன் மலைக்கே போயிடலாம் மாமா’ன்னு சொல்லுவ, எனக்குத் தெரியும். வண்டி வாடகையில பாதி மிச்சம்ல. போலாம். கச்சிராயபாளையம் வழியா கோமுகி டேம், மேல ஏறினா கரியாலூர் படகு, வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவி. கேட்டு இல்ல, டிக்கெட் கவுண்டர்ல வரிசை இல்ல. ஆனா அங்கயும் பூட்டு உண்டு மருமவனே. கோடையில தண்ணி இல்லாட்டி அருவி தானாவே மூடிக்கும். மழையில தண்ணி அதிகமானா வனத்துறை வந்து மூடும். நடுவுல கெடைக்கற நாளக் கண்டுபுடிக்க எந்தக் காலண்டரும் ஒதவாது, மேல இருக்கற ஒறவுக்காரனுக்குப் போனப் போட்டுக் கேக்கணும். நீதான் கல்யாணத்துல அவனோட மொற மாறிப் பேசி வச்சிருக்கியே.

அதனால நான் சொல்றபடி காயிதத்தத் திருத்திக்கோ. செவ்வா, புதன் ரெண்டு நாளும் வூட்டுலயே இரு. செவ்வாக்கெழம முடி வெட்டிக்காத. வியாழக்கெழம விடியகாலம் கெளம்பு, அன்னிக்கி சூலம் தெக்கே, நமக்கு வழி வடக்கே. பஸ்ஸுல போறவன் கிளாம்பாக்கத்துல எறங்கற எடத்துக்கு அடுத்தாப்பலதான் வண்டலூர், வெய்யிலுக்கு முன்னாடி உள்ள பூந்துடலாம். வெள்ளிக்கெழம இள்ளலூர், வாரத்து நாளுதான், நீ ஆசப்பட்ட கூட்டமில்லாத நாளும் ஆச்சி. சனிக்கெழம எழும்பூர் மியூசியம். ஞாயித்துக்கெழம முட்டுக்காட்டுல தட்சிணசித்ராவ எட்டிப் பாத்துட்டு, பொழுது சாய ஊரு வந்து சேரு. போற வாரத்துல காணும் பொங்கல் வந்தா, அன்னிக்கி மட்டும் கடல் பக்கம் போயிடாத. கடல் தொறந்துதான் இருக்கும், போலீசு எறங்க விடாது. ஒவ்வொரு எடத்துக்கும் மொத நாளே ஒரு போன் பண்ணிக் கேளு. ‘தொறந்திருக்குமா’ன்னு கேக்காத. ‘நாளைக்கி எதெது மூடல்’னு கேளு. மொதக் கேள்விக்கி யாரும் ஆமாம்பான்.

வண்டி ஏழு சீட்டுன்னு டிரைவர் சொன்னான். நீங்க ஆறு பேரு. நான் ஒண்ணும் வர்றன்னு சொல்லல, எனக்கு எதுக்கு அந்த ராட்டினமெல்லாம், இடுப்பு தாங்காது. உளுந்தூர்பேட்ட கடவீதியில நைலான் டவுசர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கன்னு உங்க அத்தை சொல்லியிருப்பா. அது மல்லாட்டைக்கு மருந்தடிக்கறப்ப போட்டுக்க.