சுட்டதா, சொந்தமா?

முனைவர் பட்ட மாணவி, திண்டிவனம்: என் ஆய்வேட்டில் 9 சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதாம். பயப்பட வேண்டுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மென்பொருளுக்குச் சொற்கள்தான் தெரியும். அடுத்தவர் சிந்தனையை முழுசாகத் தூக்கி வேறு வார்த்தையில் எழுதினால் பூஜ்யம் காட்டும். பயப்பட வேண்டிய இடம் அது.

தமிழாசிரியர், திண்டிவனம்: நம்மூர்க் கிடங்கல் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, மற்ற ஆற்றுப்படைகளின் நகல்தானே?

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான் ஐயா. பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் அந்த அமைப்பு புலவர்களின் பொதுச்சொத்து. நக்கீரர் அதில் வள்ளலுக்குப் பதில் முருகனையே உட்காரவைத்தார். நம் நத்தத்தனார் 269 அடியில் செய்ததைப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டும். வழி சொன்ன சாக்கில் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் சாப்பாட்டுப் பட்டியலையே கொடுத்துவிட்டார்! இதை யாரிடம் திருட முடியும்? முந்தைய வள்ளல்கள் ஏழு பேரையும் பெயர் சொல்லிவிட்டுத்தான் தன் ஆளைப் புகழ்கிறார். அந்தக் காலத்து அடிக்குறிப்பு.

வாசகர், விழுப்புரம்: கேள்விகளையும் நீங்களே எழுதுவதாக ஊரில் பேச்சு?

அப்படியானால் பிறர் கேள்வியைத் திருடினேன் என்ற புகார் வராது. நிம்மதி.

வரலாற்று ஆசிரியை, விழுப்புரம்: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்ததாக மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமைப்படுகிறான். பாறையைக் குடைந்த அஜந்தா அதற்கு முன்பே இருக்கிறதே?

இருக்கிறது. எதெது இல்லாமல் செய்தேன் என்றுதான் வெட்டிவைத்தான். உலகிலேயே முதல் என்று சொல்லவில்லை, கெட்டிக்காரன். இன்னொரு வேடிக்கை: அவன் எழுதிய மத்தவிலாசம் என்ற சமஸ்கிருத நாடகத்தில், கபாலத்தைத் தொலைத்த குடிகாரக் காபாலிகத் துறவி ஒருவன், வேதாந்தத்திலும் மகாபாரதத்திலும் திருடித்தான் புத்தர் தம் சரக்கைச் சேர்த்தார் என்று கத்துகிறான். ஏழாம் நூற்றாண்டிலேயே 'காப்பி' புகார்! அதையும் ஒரு குடிகாரன் வாயில் வைத்தான் பாருங்கள், அதுதான் ராஜா.

உதவி இயக்குநர், விக்கிரவாண்டி: என் கதையும் வெளிவந்த படமும் ஒன்றாக இருக்கின்றன. வழக்கு நிற்குமா?

கரு மட்டும் ஒன்றென்றால் நிற்காது. 'ஹம் இந்துஸ்தானி' நாடகத்தைத் திருடியதே 'நியூ டெல்லி' படம் என்ற வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது. நாடகக்காரர் தோற்றார். ஆனால் 2018-இல் 'சர்கார்' விவகாரத்தில், 'செங்கோல்' என்று தன் கதையை முன்பே பதிந்துவைத்த உதவி இயக்குநருக்குப் படத்தில் நன்றி போட்டார்கள். தம்பி, டீக்கடையில் கதை சொல்வதை நிறுத்துங்கள். காட்சி காட்சியாக எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.