கூட்டல் கழித்தல் எவ்வளவு?

ஒருநாள்கூட லீவு போடாமல் வேலை பார்க்கும் விசை ஈர்ப்புவிசை. குழந்தை நடக்கப் பழகும்போதே அதனிடம் அடிவாங்கப் பழகிவிடுகிறது. இத்தனை பழக்கம் இருந்தும், இயற்பியலின் அடிப்படை எண்களிலேயே மிக மோசமாக அளக்கப்பட்டவற்றில் ஒன்று அதன் வலிமையைச் சொல்லும் ஈர்ப்பு மாறிலிதான். 1798இல் ஹென்றி கேவண்டிஷ், தலா 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை சின்னக் குண்டுகளை இழுப்பதை அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்தார். உள்ளே போனால் அவர் உடம்புச் சூடே காற்றைக் கிளப்பிக் கணக்கைக் கெடுத்துவிடும். இன்றைய மதிப்புக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை நெருங்கிவிட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன; இன்றும் ஓர் ஆய்வகத்தின் விடைக்கும் இன்னொன்றின் விடைக்கும் நான்காவது இலக்கத்திலேயே தகராறு. பூமி முழுவதும் சேர்ந்து கீழே இழுக்கும் குண்டூசியை ஒரு பொம்மைக் காந்தம் மேலே தூக்கிவிடுகிறது. அவ்வளவு நோஞ்சான் விசை. போதாக்குறைக்கு அதற்குக் கதவடைக்கவும் முடியாது. பக்கத்து அறையில் நடப்பவரும் இழுப்பார், வெளியே மழையில் ஊறிய மண்ணும் இழுக்கும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு மீசை துடிக்கும்: “விஞ்ஞானத்துக்கே தெரியவில்லை, பார்த்தீர்களா!” தெரியவில்லைதான். ஆனால் எவ்வளவு தெரியவில்லை என்பது அதற்குத் தெரியும்; விடையோடு ‘கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்று அதையும் எழுதிவைக்கும். புதன் கோளின் பாதை, நியூட்டன் கணக்கு சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நூறு ஆண்டுக்கு 43 வில்விநாடி, அதாவது ஒரு பாகையில் எண்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளிக்காக லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1859இல் ஒரு புதிய கோளையே முன்மொழிந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. யுரேனஸ் தடம் பிசகியபோது இதே வழியில் கணக்குப் போட்டுத்தான் 1846இல் நெப்டியூனைப் பிடித்துக் கொடுத்திருந்தார். இம்முறை கோளுக்கு ‘வல்கன்’ என்று பெயர் வைத்தாயிற்று. ‘பார்த்தேன்’ என்று சொன்ன கிராமத்து மருத்துவர் ஒருவருக்கு விருதும் கொடுத்தாயிற்று. கோள் மட்டும் வரவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பின் கணக்கையே மாற்றி எழுதியதும் அந்த 43 சரியாக வந்து உட்கார்ந்தது. நம் ஜாதகக் கணக்கில் புதன் திசை 17 ஆண்டு. அந்த 43 வில்விநாடியால் எந்த ஜோதிடருக்கும் தூக்கம் கெட்டதில்லை.

“இன்று சரி, நாளை தப்பு என்றால் எதை நம்புவது?” என்பது நியாயமான கேள்வி. நியூட்டனை யாரும் குப்பையில் போடவில்லை; ராக்கெட் இன்றும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான் போகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் மட்டும் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி முந்திக்கொள்வதால், அதை அடக்க ஐன்ஸ்டைன் வர வேண்டியிருக்கிறது. பழைய அறிவு செத்துப்போகவில்லை, அதன் எல்லைக்கல் நடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்று அண்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் நமக்குத் தெரிந்த பொருள். 27 சதவீதம் கரும்பொருள், 68 சதவீதம் கரும் ஆற்றல் என்கிறார்கள். கரும்பொருளும் ஒரு வல்கன்தானோ என்று கேட்டால், இருக்கலாம்; நெப்டியூனாகவும் இருக்கலாம். அதைக் கணக்குதான் தீர்க்க வேண்டும், கைதட்டல் அல்ல. தெரியாத 95 சதவீதத்தைப் பங்குபிரித்துப் பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்து, ஒரு சதவீதம்கூடத் தெரியாதது இல்லை என்கிறவர்கள் சிரிப்பதுதான் வேடிக்கை.

ஆகவே, இனி யாராவது உங்களிடம் எதையாவது அடித்துச் சொன்னால் கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “கூட்டல் கழித்தல் எவ்வளவு?” பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். முறைப்பு வந்தால் எழுந்து நடங்கள். கால் தரையில் பாவும், அதற்கு ஈர்ப்புவிசை பொறுப்பு.