கூடத்துக்கு ஒரு ஜன்னல்

பதினோரு பேர் புழங்கும் எங்கள் கூடத்துக்கு எவ்விதமான ஜன்னல் வைப்பது என்ற பிரச்னை எழுந்து, தேக்குச் சட்டமும் இரும்புக் கம்பியும் நாலு கதவுமாக இருந்த பழைய ஜன்னலே சிரேஷ்டமென்று என் தகப்பனாரும், பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடி ஜன்னலே நாகரிகமென்று என் மூத்த குமாரனும், கொசுவலை இல்லாத எதையும் ஜன்னலென்று ஒப்புக்கொள்வதற்கில்லையென்று சமையலறையும் மூன்று கட்சிகளாகப் பிரிந்து நின்றபோது, குடும்பத் தலைவன் என்ற ஹோதாவில் நான் மௌனம் சாதித்தேன்.

தள்ளு ஜன்னலின் விசேஷம் என்னவென்றால், இரண்டு கண்ணாடிகளில் ஒன்று மற்றொன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்வதால், ஆறடிக்குப் பணம் கொடுத்தவன் மூன்றடிக் காற்றையே பெறுகிறான். பழைய ஜன்னலிலோ, கீழ்க்கதவுகளைச் சாத்தி மேற்கதவுகளைத் திறந்துவைத்தால், தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் தென்றலை மட்டும் உபசரிக்கலாம். (இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் கடன்காரருக்குப் பயந்தவராயிருக்க வேண்டும்.)

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி வசூலித்தார்கள். ஜனங்களில் பலர் செங்கல்லால் அவற்றை அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். அப்படியொரு நிர்ப்பந்தம் ஏதுமின்றி, மேற்குச் சுவரில் எட்டடிக் கண்ணாடியைப் பதித்து, வெயில் தாளாமல் அதன்மேல் கனத்த திரையைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் விளக்கேற்றும் பெருமை நமக்கே உரியது.

கடைசியில் தள்ளு ஜன்னலே வந்தது. ஏ.சி. ஓடுவதால் அதைத் திறப்பதில்லை. தகப்பனார் திண்ணைக்குப் போய்விட்டார்.