நால்வரும் ஒரு கழுதையும்

அமெரிக்காவில், அட்லாண்டா நகரத்து ஸ்டுடியோ ஒன்றில், நீள மேசைக்குப் பின்னால் நான்கு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்பும், இடைவேளையிலும், ஆட்டம் முடிந்த பிறகும் அதைப் பற்றிப் பேசுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இவர்கள். பேசுவது என்னவோ ஒருவருடைய தொப்பை, இன்னொருவருடைய சட்டை, யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது போன்ற உலக விவகாரங்கள். நடுநடுவே, முதலாளி பார்த்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தால், கொஞ்சம் கூடைப்பந்து.

'இன்சைடு தி என்.பி.ஏ.' என்பது நிகழ்ச்சியின் பெயர். என்.பி.ஏ. என்பது அங்கே உள்ள கூடைப்பந்து லீக். டி.என்.டி. தொலைக்காட்சியில் 1989-இல் தொடங்கியது. இதைப் பற்றி நான்கு பாகங்களில் ஓர் ஆவணத் தொடரே எடுத்து, 'தி இன்சைடு ஸ்டோரி' என்று பெயர் வைத்து, 2021 மார்ச்சில் ஒளிபரப்பினார்கள். ஒளிபரப்பியதும் அதே டி.என்.டி.தான். சொந்த வீட்டுக் கதை என்பதால் படத்தில் வில்லன் கிடையாது.

எனக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஸ்கோர் எழுதும் நோட்டைக் கையில் கொடுத்தார். அத்தோடு சரி. ஆனால் அட்லாண்டாவில் நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை, பத்தரை. அவர்கள் தூக்கக் கலக்கத்தில் உளறுவதை நான் இட்லியோடு பார்க்கப் பழகிவிட்டேன். உளறுவதற்கு அது உகந்த நேரம். கேட்பதற்கு இது உகந்த நேரம்.

ஆவணத் தொடரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரிய டி.வி.யில் போட்டேன். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். முதல் பாகம் பாதி போனதும் கேட்டாள்:

"என்னங்க, இவங்க எப்பதான் விளையாடுவாங்க?"

"இவங்க விளையாட மாட்டாங்க. விளையாட்டைப் பத்திப் பேசுவாங்க."

"அதையும் பேசக் காணோமே."

விமர்சகர்கள் பலர் பத்தி பத்தியாக எழுதியதை அவள் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

நால்வரில் முதலில் சொல்ல வேண்டியவர் சார்லஸ் பார்க்லி. அலபாமாக்காரர். 1993-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு 2000-இல் இந்த மேசைக்கு வந்தார். நாக்குக்கும் மூளைக்கும் நடுவில் கேட் போடாமலே கட்டிய வீடு. நிகழ்ச்சியில் இவருக்கென்றே ஒரு போட்டி உண்டு. ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வார்கள். அவர் இப்போது எந்த அணியில் ஆடுகிறார் என்று பார்க்லி சொல்ல வேண்டும். எளிதுதானே? லீகைப் பற்றிக் கருத்துச் சொல்வதே தொழிலாக வைத்திருக்கும் மனிதர் முழிக்கிற முழி இருக்கிறதே! விட்டத்தைப் பார்க்கிறார், பக்கத்து ஆளைப் பார்க்கிறார், பிறகு துணிந்து ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறார். தப்பு. அடுத்த பெயர். அதுவும் தப்பு. வேறெந்த அலுவலகத்திலும் இதற்கு மெமோ கொடுப்பார்கள். இங்கே தனி இசையோடு ஒரு பகுதியாக ஒளிபரப்புகிறார்கள்.

கழுதை விவகாரத்துக்கு வருகிறேன். 2002-இல் சீனாவிலிருந்து யாவ் மிங் என்ற ஏழரை அடி இளைஞர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு வந்தார். அந்த ஆண்டு புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆள். ஆரம்ப ஆட்டங்களில் கொஞ்சம் தடுமாறினார். பார்க்லி சும்மா இருந்திருக்கலாம். இந்தப் பையன் இந்த சீசனில் ஏதாவது ஓர் ஆட்டத்தில் 19 புள்ளி எடுத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் கென்னி ஸ்மித்தின் பின்பக்கத்துக்கு முத்தம் கொடுக்கிறேன் என்று நேரலையில் சவால் விட்டார். விட்ட சூடு ஆறுவதற்குள், நவம்பரில், லேக்கர்ஸ் அணிக்கு எதிராக யாவ் 20 புள்ளி எடுத்தார். ஒன்பது முறை கூடையை நோக்கி எறிந்தார், ஒன்பதும் உள்ளே. மனிதர் வஞ்சம் வைத்து ஆடினாரோ என்னவோ.

கென்னி மானஸ்தர். தன் பின்பக்கத்தை நாடறிய நீட்ட அவருக்கு மனமில்லை. ஆங்கிலத்தில் பின்பக்கத்துக்கும் கழுதைக்கும் ஒரே சொல் என்பதால், தன் சார்பில் ஒரு கழுதையை ஸ்டுடியோவுக்குள் ஓட்டிவரச் செய்தார். பார்க்லியும் வார்த்தை தவறாதவர். குனிந்தார், கொடுத்தார். உலகம் பார்த்தது.

"கழுதைகிட்ட யாரும் சம்மதம் கேட்டாங்களா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. நான்கு பாகத் தொடருக்கு ஐந்தாம் பாகம் எடுப்பதானால் கழுதையின் தரப்பிலிருந்து எடுக்கலாம்.

இன்னொரு முறை, 2007-இல், லாஸ் வேகாஸில் நட்சத்திர ஆட்டம் நடந்தபோது, டிக் பவெட்டா என்ற நடுவரோடு பார்க்லி ஓட்டப்பந்தயம் ஓடினார். நடுவருக்கு வயது 67. பார்க்லி ஜெயித்தார், கடைசிக் கட்டத்தைப் பின்பக்கமாகவே ஓடி ஜெயித்தார். பெரியவர் பாவம், முட்டியில் சிராய்ப்போடு எழுந்தார். பார்க்லி வாழ்க்கையில் எடை பார்க்காமல் கொண்டாடிய வெற்றிகளில் இது ஒன்று.

வெற்றி என்றதும் மோதிரக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே சாம்பியன் பட்டம் வென்ற அணியின் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு மோதிரம் போடுவது வழக்கம். 2011-இல் இந்த மேசைக்கு வந்த ஷகீல் ஓ'நீலிடம், ஏழடி ஓர் அங்குலத்து ஷாக்கிடம், நான்கு மோதிரம். கென்னியிடம் இரண்டு. பார்க்லியிடம் ஒன்றுமில்லை. எனவே விவாதம் எதைப் பற்றித் தொடங்கினாலும், பார்க்லி சொல்வது எவ்வளவு சரியாக இருந்தாலும், பதில் தீர்ந்துபோன இடத்தில் ஷாக் மோதிரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு விடை கிடையாது. அதே ஷாக், கென்னியை முந்திக்கொண்டு ஸ்டுடியோவில் இருக்கும் பெரிய திரைக்கு ஓடுகிறேன் என்று 2015-இல் ஒயர் தடுக்கி விழுந்தார். ஷாக் விழுவதை விழுவது என்று சொல்லக் கூடாது, இடிந்து இறங்கினார். எழுந்ததும் அவமானப்பட்டுப் போகவில்லை. தான் விழுந்ததை வைத்து நல்ல மீம் போடுகிறவருக்கு 500 டாலர் என்று அறிவித்தார்.

இப்போது என் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆவணப்படம் என்று வந்துவிட்டால் ஆட்களை அரையிருட்டில் உட்காரவைத்து, பின்னால் பியானோவை மெதுவாகத் தட்டவிட்டு, 'அந்தத் தருணம் எங்களை மாற்றியது' என்கிற தோரணையில் பேசவைக்க வேண்டும் என்று எங்கோ சட்டம் இருக்கிறது போலிருக்கிறது. போர், பஞ்சம், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற அந்தத் தோரணை, கழுதைக்கு முத்தம் கொடுத்த வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. சிரிப்பை விளக்க ஆரம்பித்தால் சிரிப்பு எழுந்து போய்விடும். இந்த நால்வருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர்கள் ஒத்திகை பார்க்காமல் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒத்திகை பார்த்த கிண்டல் மேடை நாடகம். பார்க்காத கிண்டல் சண்டைக்கு ஓரடி இந்தப் பக்கம்.

அந்த ஓரடியைக் காப்பாற்றுவது யார்? இரண்டாம் பாகம் ஓடும்போது மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "அந்த ஓரத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்காரே, அவர் ஒருத்தர்தாங்க வாங்கற சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்."

எர்னி ஜான்சன். நால்வரில் என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர் இவர்தான். 1990-லிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். நம்மூர்ப் பட்டிமன்றத்து நடுவருக்கு இரண்டு அணி, கையில் மணி, கடைசியில் ஒரு தீர்ப்பு என்று எல்லா வசதியும் உண்டு. எர்னிக்கு மூன்று அணி, மணி கிடையாது, தீர்ப்பைச் சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது. கையில் புள்ளிவிவரத் தாள். அதிலிருந்து ஒரு வரி படிக்கத் தொடங்குவார். பார்க்லி குறுக்கே வருவார். ஷாக் பார்க்லிக்குக் குறுக்கே வருவார். கென்னி எழுந்து திரையை நோக்கி ஓடுவார். எர்னி தாளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். எந்த நொடியில் பேச்சு சிரிப்பைத் தாண்டிக் காயத்தில் விழப்போகிறதோ, அந்த நொடிக்கு முன்பாக ஒரு வாக்கியம் சொல்வார். மேசை பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற வீரர்களைக் கூட்டிவைத்து அரட்டை நிகழ்ச்சி நடத்தியவர்கள் ஏராளம். எல்லோரும் ஒரு பார்க்லியைத் தேடினார்கள். எர்னியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. கத்துகிற ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார்.

இந்த எர்னி 2006-இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பியவர். 2015-இல் சிறந்த தொகுப்பாளருக்கான எம்மி விருது தனக்கு வந்தபோது, அந்த ஆண்டு ஜனவரியில் புற்றுநோயால் இறந்துபோயிருந்த போட்டித் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டூவர்ட் ஸ்காட்டின் மகள்களை மேடைக்கு அழைத்து அவர்கள் கையில் விருதைக் கொடுத்துவிட்டார்.

2020 ஜனவரியில் முன்னாள் ஆட்டக்காரர் கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த இரண்டாம் நாள், நிகழ்ச்சியை லாஸ் ஏஞ்சலீஸில் லேக்கர்ஸ் அணியின் காலியான ஆடுகளத்திலேயே நடத்தினார்கள். கோபியோடு சேர்ந்து மூன்று பட்டம் வென்று, அவரோடு ஆண்டுக்கணக்கில் முறைத்துக்கொண்டும் இருந்த ஷாக், கண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டில், கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்து மில்வாக்கி அணி ஆட மறுத்த அன்று, கென்னி மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு நேரலையிலேயே எழுந்து போனார். எர்னி தடுக்கவில்லை. இரண்டையும் பார்க்கும்போது பியானோ தேவைப்படவில்லை. தினமும் கேலி பேசுகிறவர்கள் ஒரு நாள் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்போமே, அப்படித்தான் நானும் மனைவியும் பார்த்தோம்.

ஆவணத் தொடர் முடிந்த இடத்துக்குப் பிறகுதான் உண்மையான நாடகம். 2024-இல் என்.பி.ஏ. அடுத்த 11 ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமையை டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தது. தொகை சுமார் 7,600 கோடி டாலர். டி.என்.டி.க்கு இலை போடவில்லை. பார்க்லி ஜூன் மாதம் ஓய்வு பெறப்போகிறேன் என்று அறிவித்தார். ஆகஸ்டில் அறிவிப்புக்கு ஓய்வு கொடுத்தார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து, 2025 அக்டோபர் முதல் நிகழ்ச்சி இ.எஸ்.பி.என்.னில் வருகிறது. தயாரிப்பது இன்னமும் டி.என்.டி. ஆட்கள்தான், அதே அட்லாண்டாவில். அதாவது ஆட்டங்களைக் காட்டும் உரிமை போய்விட்டது. ஆட்டத்தைப் பற்றிப் பேசாத உரிமை மட்டும் மிஞ்சிவிட்டது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் ஆவணத் தொடரை விட்டுவிட்டு நேராக நிகழ்ச்சிக்குப் போய்விடுங்கள். கூடைப்பந்தில் ஆனா ஆவன்னா தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாதி ஆட்டக்காரர்கள் எந்த அணி என்று பார்க்லிக்கும் தெரியாது.