புற்றும் பூச்சும்

எங்கள் மண்டைக்காட்டில் தலைவலிக்கு மருந்து உண்டு: மண்டையப்பம். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து அவித்துப் பகவதி அம்மனுக்குப் படைத்தால் தலைவலி தீரும் என்பது நம்பிக்கை. பதினைந்து வயதில் எனக்கிருந்த தலைவலிக்கு மட்டும் அது கேட்கவில்லை. என் தலைவலி, என் நிறம்.

ஆச்சி என்னைத் 'தோசைக்கல்லுக்குத் தம்பி' என்பாள். பாசமாகத்தான். எங்கள் ஊரில் இதை யாரும் வெறுப்பாகச் சொல்வதில்லை. பிள்ளை பார்க்கப் போய் வருகிறவர்கள் முதலில் நிறத்தைச் சொல்வார்கள். தாயும் பிள்ளையும் சுகமா என்பது அப்புறம். 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது 1975இல்தான். குங்குமப்பூப் பாலும் கஸ்தூரி மஞ்சளும் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தவை. ஊர் வாயைக் குழாயில் அடைத்து விற்றது மட்டுமே கம்பெனியின் கண்டுபிடிப்பு.

அது கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா சமயம். பத்து நாளும் இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 'பெண்களின் சபரிமலை' என்று சும்மாவா சொல்கிறார்கள்? இத்தனை பேர் வருகிற இடத்தில் ஒருவன் கறுப்பாக நிற்கலாமா? அக்கா வைத்திருந்த வேறொரு சிவப்பழகு கிரீமை எடுத்தேன். ஆறு வாரம் பூசச் சொல்லியிருந்தது. எனக்கிருந்ததோ ஒரு மணி நேரம். ஆறு வாரத்தையும் ஒரே பூச்சில் பூசி, மேலே பவுடரும் அப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மாசிக் காற்று மணலை அள்ளி வந்து முகத்தில் ஒட்டிவிட்டுப் போனது.

"லேய், மூஞ்சி என்னடே புத்து மாதிரி இருக்கு?" என்றாள் ஆச்சி.

கோயிலுக்குள் அம்மனே புற்றுதான். 15 அடி உயரம் என்பார்கள். வளர்ந்துகொண்டே இருப்பதாகவும் சொல்வார்கள். மேலே சந்தனத்தில் முகம். அந்த மண் என்ன நிறம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கும்பிட்டு நின்றேன். பக்கத்தில் ஒரு அக்காவின் வேண்டுதல் காதில் விழுந்தது: "அம்மே, பிறக்கப்போற பிள்ளை வெளுப்பா இருக்கணும்."

2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. எங்கள் ஊர்க் கல்யாணத் தரகரும் இப்போது 'நல்ல சிவப்பு' என்று சொல்வதில்லை. 'பளிச்சுன்னு இருப்பா' என்கிறார்.

போன கொடைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். அவளுக்கும் பதினைந்து. கடற்கரையில் இருபது செல்ஃபி எடுத்தாள், இருபதையும் அழித்தாள். "நான் இப்படியா மாமா இருக்கேன்?" என்றாள். சிரிக்கப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குரல் எனக்குப் பழக்கப்பட்ட குரல். பிறகு ஏதோ ஃபில்டரைப் போட்டு என்னையும் பக்கத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தாள். முப்பது வருஷமாக வராத வெளுப்பு ஒரே நொடியில் வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆமா, பிள்ளை பக்கத்துல நிக்கது ஆரு?"